அடித்துத் திருத்திய விலாசம்

ஜனவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதமும் தம்பி அனுப்பிய பணமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. இங்கே மாமாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள் என்று மாமா கேட்கிறார். "குளிர் எப்படி இருக்குன்னும் கேளு" என்கிறார். கேட்டுவிட்டேன்.

நான் ஒரு வரி எழுதினால் அதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். உனக்குத் தெரியாததா? முப்பத்தெட்டு வருஷம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்த மனுஷன். "ஊர்ல இருக்கிறவன் லெட்டரையெல்லாம் உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே கட்டுக் கட்டாப் பிரிச்சுப் போட்டாச்சு. என் வீட்டு லெட்டராவது எனக்குத் தெரியட்டும்" என்கிறார். போகிற கடிதமும் வருகிற கடிதமும் அவர் காதைத் தாண்டித்தான் போகும். போன் பேசினாலும் ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார்.

இடுப்பு எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னாலும் கால்கள் கேட்க மாட்டேன் என்கின்றன. நான் பிடித்துக்கொண்டால் கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிவரை நாலு எட்டு வைக்கிறார். மூன்று மாடி இறங்குவது நடக்காத காரியம். கீழே போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "கீழ என்ன கொட்டிக் கிடக்கு? பஸ் புகைதானே" என்று தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்.

எனக்கும் காலையில் அரக்கப்பரக்க ஓடுகிற வேலை இல்லை. பல்செட் செய்கிற லேபில் ஆள் குறைத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அதுவும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, வீட்டோடு இருந்து மாமாவைப் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "பணம் மாசா மாசம் தேதி தவறாம வரணும். அதுல மட்டும் குறை வச்சிடாதீங்க." இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "எழுதிட்டியா, எழுதிட்டியா" என்று பிடுங்கி எடுக்கிறார். எழுதிவிட்டேன்.

தம்பியைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம். குளிர் குறைந்துவிட்டது என்று மாமாவிடம் சொல்லுங்கள். பணத்தைப் பற்றி அவர் கவலையே பட வேண்டாம். குளிர்பதனக் கிடங்கில் இவருக்கு இரண்டாவது ஷிப்டும் கிடைக்கிறது. முட்டிவலி கொஞ்சம் இருக்கிறது, அது குளிரால்தான் என்கிறார். பெரிதாக ஒன்றுமில்லை.

அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாமாவின் கால், மாமாவின் நாற்காலி, மாமாவின் மாடிப்படி எல்லாம் இருந்தது. உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? பெரிய அத்தான் காலமான பிறகும் நீங்கள் மாமனாரை விட்டுப் போகவில்லை. இந்த வீட்டுக்கு நான் வந்த புதிதில், ஓரகத்தி என்றால் சண்டைக்காரி என்று பயமுறுத்தி அனுப்பினார்கள். எனக்குச் சட்டை தைக்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். அதனால் கேட்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

இவர் பக்கத்தில் உறையோடு நிற்கிறார். நான் எழுதிய விலாசத்தை ஒரு முறை சரிபார்க்காமல் எந்தக் கடிதத்தையும் பெட்டியில் போட மாட்டார். சின்ன வயதில் விலாசம் தப்பாக எழுதினால் மாமா நூறு முறை எழுத வைப்பாராமே! அந்த வளர்ப்பு விடுமா? அடுத்த வீட்டுக்காரர் உறையைக்கூட எட்டிப் பார்க்கிறார்.

மருந்துகளை நேரத்துக்குக் கொடுங்கள். பதிலை எதிர்பார்க்கும்,

உங்கள் தங்கை

*

பிப்ரவரி 17

சின்னவளே,

இதை நீ மட்டும் படி. தம்பியிடம் இப்போதைக்குச் சொல்லாதே. நாங்கள் சுகம் என்று எழுதுவது பழக்கத்தில் வருகிறது, மாமாவைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. எதிர்வீட்டு டீச்சரம்மாவை ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மருந்துக் கடைக்கு என்று சொல்லி வந்திருக்கிறேன். லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே பாலிஷ் சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

நீ கேட்டாயே, எப்படி இருக்கிறீர்கள் என்று. ஒரு வருஷத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் நீதான். அந்த வரியை மாமாவுக்குப் படித்துக் காட்டும்போது பாதியில் நிறுத்தி, இருமலென்று சொல்லிச் சமாளித்தேன்.

லேபில் ஆள் குறைத்தார்கள் என்பது பச்சைப் பொய். நானாகத்தான் விட்டேன். மாமாவைப் பார்த்துக்கொள்ள முதலில் வைத்த பெண் ஒன்பது நாளில் ஓடிவிட்டாள். இரண்டாவது ஆள் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மத்தியானம் முழுக்கத் தூங்குவான். மூன்றாவது பெண் தங்கமானவள், ஆனால் அவள் கூலி ஏறி ஏறி என் சம்பளத்தில் முக்கால்வாசி ஆகிவிட்டது. மீதி பஸ்ஸுக்கும் மருந்துக்கும் போதவில்லை. உன் அத்தான் விட்டுப்போன சேமிப்பில் கைவைத்தேன். அதுவும் பாதி கரைந்ததும், இதற்கு நாமே வீட்டில் இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால் "என்னாலதானே" என்று மாமா உருகிப் போவார். அதனால் வேலை போய்விட்டது என்றேன். உங்களிடமும் அதையே சொன்னேன்.

ஒரு நாளைக்கு ஆறு முறை தூக்கி நிறுத்துகிறேன். புடவைக்குள் இடுப்புப் பட்டை கட்டியிருக்கிறேன். அதை விடு. எனக்கு வேலை இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது, அதுதான் விஷயம். மெழுகில் ஆறு முன்பல்லை வரிசையாகப் பதித்துப் பார்க்கும்போது ஓர் ஆளின் முகமே எழுந்து வரும் தெரியுமா? சிரிக்காமலே பல வருஷம் இருந்தவர்கள் பல்செட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்க்கிறபோது நான் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். இருபத்தாறு வருஷம் செய்த வேலை.

போன வாரம் லேப் முதலாளியம்மா கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். தலைமை ஆள் வேலையை விட்டுப் போகிறாராம். அந்த இடம் எனக்கு. ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்து உட்கார வேண்டும். "வரலைன்னா வெளிய ஆள் எடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றார். எனக்கு ஐம்பத்தொன்று. இதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை.

லேபிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. இன்றைக்குத் திருடி மாதிரி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தரைத்தளம், சுவரெல்லாம் கைப்பிடி, முற்றத்தில் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் பென்ஷனும் தம்பி அனுப்புவதில் பாதியும் சேர்ந்தால் கட்டணத்துக்குப் போதும். ஆனால் அவரிடம் எந்த வாயால் கேட்பேன்? காலையில் முகம் துடைத்துவிடும்போது "சிரமம்மா உனக்கு" என்கிறார். அதற்குப் பிறகு எனக்கு நாக்கு எழுவதில்லை.

உன்னிடம் பணம் கேட்டு எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. பதிலை வீட்டுக்குப் போட்டுவிடாதே தாயே. லேப் விலாசத்துக்கு என் பெயரைப் போட்டு எழுது, முதலாளியம்மா எடுத்து வைப்பார்.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். விசேஷம் ஒன்றுமில்லை. எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு கடிதம் போக வேண்டும் என்கிறார் மாமா.

நேற்று நல்ல வெயில். நாற்காலியை ஜன்னலுக்கு இன்னும் ஒரு சாண் பக்கத்தில் நகர்த்தினோம். மருந்து வாங்கப் போய் நான் நேரமாக்கிவிட்டேன், மாமாவுக்குக் கவலை. "மருந்தை அரைச்சுக் கொடுத்தானா?" என்கிறார். கடையில் கூட்டம்.

வேறு ஒன்றுமில்லை. தம்பியின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார் மாமா.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நீங்கள் மாமாவுக்குத் தெரியாமல் எழுதிய கடிதம் வந்தது. வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, போய் அந்த வேலையில் உட்காருங்கள். மாமாவை அந்த இல்லத்தில் சேர்த்துவிடுங்கள். இதை எழுதுவது கஷ்டம்தான், ஆனால் எழுதத்தான் வேண்டும். மாமா நல்லவர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வாழ்ந்து முடித்தவர். நீங்கள் இன்னும் வாழவே ஆரம்பிக்கவில்லை. அத்தான் இருந்தபோது அத்தானின் ஆஸ்பத்திரி, அவர் போன பிறகு மாமாவின் கட்டில். எத்தனை வருஷம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. ஒவ்வொரு மாதமும் உங்கள் கடிதத்தைப் பிரிக்கும்போது எனக்கு ஒரே யோசனைதான். "இனி என்னால் முடியாது, மாமாவை நீங்கள் அழைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருப்பீர்களோ என்று பயம். எழுதியிருக்க மாட்டீர்கள். அப்பாடா என்று மடித்து வைப்பேன். அத்தான் போனதிலிருந்து நாலு வருஷமாக அந்த அப்பாடாவில்தான் நான் நிம்மதியாக இருந்தேன். எங்களுக்கு இருப்பது ஒற்றை அறை என்பதெல்லாம் பிறகு யோசித்த காரணம். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பணம் அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். தூக்கி நிறுத்துவது நீங்கள், நல்ல பெயர் வாங்குவது நாங்கள்.

மாமாவிடம் சொல்ல உங்களுக்கு வாய் வராவிட்டால், நாங்கள் சொன்னதாகச் சொல்லுங்கள். திட்டு எங்களுக்கு விழட்டும். இவரிடம் நான் பக்குவமாகச் சொல்கிறேன். இவரும் இரண்டாவது ஷிப்டில் நின்று நின்று மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார். அதையும் நான் உங்களிடம் மறைத்தேன்.

நீங்கள் சொன்னபடி லேப் விலாசத்துக்கே போடுகிறேன். முதல் முறையாக உங்களுக்குப் புத்தி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தங்கை

*

மார்ச் 11

அக்கா, அக்கா,

தலையில் கல் விழுந்துவிட்டது. சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

முந்தாநாள் எழுதிய கடிதத்தை ஒட்டி மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நானே தபால் பெட்டிக்கு எடுத்துப் போவதாக இருந்தேன். வந்து பார்த்தால் காணோம். இவர் வேலைக்குப் போகும் வழியில் போட்டுவிட்டாராம். சரி, போட்டால் போகட்டும் என்று இருந்தேன். இன்றைக்குச் சாப்பிடும்போது பெரிய சாதனை செய்தவர் மாதிரி சொல்கிறார்: "அண்ணி லேபை விட்டு நின்னு ஒரு வருஷமாச்சு. நீ பழைய ஞாபகத்துல அந்த விலாசத்தை எழுதியிருந்தே. நல்லவேளை நான் பார்த்தேன். அடிச்சிட்டு வீட்டு விலாசம் எழுதிப் போட்டேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "ஒரு நன்றிகூடக் கிடையாதா?" என்கிறார் அந்த மனுஷன்!

உடனே போன் செய்தேன். மாமாதான் எடுத்தார், ஸ்பீக்கரில். நீங்களும் இருந்தீர்கள். நான் என்ன பேசுவேன்? வெயில் எப்படி என்று கேட்டேன். மழை என்றார். வைத்துவிட்டேன்.

அதில் நான் "வாழ்ந்து முடித்தவர்" என்று எழுதியிருக்கிறேன் அக்கா. இதை லேப் விலாசம் எழுதி நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறேன். அது வருவதற்குள் இது உங்களுக்குக் கிடைக்க வேண்டும். தபால்காரர் வரும் நேரத்தில் வாசலிலேயே நில்லுங்கள்.

*

மார்ச் 21

அன்புள்ள சின்னவளுக்கு,

முதலில் மூச்சு விடு. நாங்கள் சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம். உன் இரண்டாவது கடிதம் லேபுக்கு வந்து, முதலாளியம்மா ஆள் அனுப்பிக் கொடுத்தது நேற்றுத்தான். முதல் கடிதம் நாலு நாள் முன்பே வந்துவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தபால்காரர் கீழே கொடுத்ததை டீச்சரம்மா மேலே கொண்டுவந்து நேராக மாமா கையில் கொடுத்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே வந்தால், உறையை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கிறார். "சின்னவகிட்டேர்ந்து வந்திருக்கு. படி" என்று நீட்டினார்.

பிரித்தேன். முதல் வரியே, "நீங்கள் மாமாவுக்குத் தெரியாமல் எழுதிய கடிதம் வந்தது." என் உடம்பில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் வாய் நின்றுவிடவில்லை, கேட்டுக்கோ. "அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும், இங்கே நாங்கள் சுகம்" என்று ஆரம்பித்து, குளிர் போய்விட்டது, தம்பிக்கு முட்டிவலி தேவலை, அடுத்த வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்துவிட்டேன். அடுத்த வீட்டில் வெள்ளையடிப்பது எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. ஒரு பக்கம் புரட்டி, உங்கள் தங்கை என்று முடித்து மடித்தேன்.

 மாமா ஜன்னலைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமா."

"மூணு தாள் கனம் இருந்துது. நீ ஒண்ணுதான் படிச்சே."

நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

"அப்புறம், உறையில முதல்ல உன் லேப் விலாசம் இருக்கு. அடிச்சது என் பிள்ளை கை. கோடு போட்டு அடிக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான். உன்னை வேலையை விட்டு நிறுத்தின இடத்துக்குச் சின்னவ எதுக்கு லெட்டர் போடறா?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன் சின்னவளே. அழுகை வந்துவிட்டது. "படி" என்றார். "வேணாம் மாமா" என்றேன். "அடுத்தவங்க லெட்டரை நான் பிரிச்சது கிடையாது. உனக்கு வந்த லெட்டர், நீயே படி. ஆனா உள்ளதைப் படி" என்றார்.

படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன். நீ எழுதிய அந்த இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்தினே, படி" என்றார். "அவர் வாழ்ந்து முடித்தவர்" என்று படித்தேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் தாளைக் கீழே வைக்கப் போனேன். "மேல படிம்மா" என்றார், மெதுவாக. கடைசிவரை படித்தேன். உன்னுடைய அப்பாடாவையும் படித்தேன்.

முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ உன் வேலை போகலையா?"

"நானேதான் விட்டேன் மாமா."

"அட பைத்தியக்காரி!" என்றார். அந்த நாற்காலியே ஆடும்படி சொன்னார். "உனக்கு வேலை போச்சுன்னு நீ வந்து சொன்னதுக்கு முந்தின மாசம் நான் அந்த இல்லத்துல பேர் கொடுத்திருந்தேன் தெரியுமா? அதே இல்லம்தான். தந்திக்காரர் அங்கேதான் இருக்கார்." மாமாவோடு தபால் நிலையத்தில் தந்திப் பிரிவில் இருந்தாரே, போன வருஷம்கூட வந்து பார்த்துவிட்டுப் போனாரே, அவர்தான். "இடம் வர்ற நேரத்துல நீ வந்து வேலை போச்சுன்னு சொன்னே. நான் அங்க போயிட்டா சின்னவன் அனுப்பற பணம் அங்க போயிடும். நீ எதைச் சாப்பிடுவே? எனக்குன்னு வர்ற பணத்துலதானே இந்த வீடு ஓடுது? மறுநாளே அந்த மூணாவது பொண்ணுகிட்ட கார்டு கொடுத்து, என் பேரை எடுத்துடுங்கன்னு போடச் சொன்னேன்."

பணம் தேதி தவறாமல் வர வேண்டும் என்று மாதா மாதம் என்னை எழுத வைத்தாரே, எனக்காகத்தான் எழுத வைத்திருக்கிறார். நான் அவருக்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் எனக்காகக் கட்டிலில் படுத்திருக்கிறார். ஒரு வருஷம்! ஒருத்தருக்கொருத்தர் நல்லது செய்கிறோம் என்று இரண்டு பேரும் மூன்றாம் மாடியில் பூட்டிக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் சிரித்தார். அப்புறம் அவர் அழுதார், நான் சிரித்தேன். டீச்சரம்மா பயந்துபோய்க் கதவைத் தட்டிவிட்டார்.

தந்திக்காரரிடம் போனில் பேசியாகிவிட்டது. அவர் அறையிலேயே ஒரு கட்டில் காலி. இருபத்தொன்பதாம் தேதி போகிறோம். தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவனைத் திட்டாதே. அவன் திருத்தியிருக்காவிட்டால், மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் இன்னும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதை மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை. கேட்டேன், "வேணாம், அது உன் லெட்டர்" என்கிறார்.

அக்கா

*

மார்ச் 23

சின்ன மருமகளுக்கு,

ஆசீர்வாதம். நலமே. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். சுருக்கமாக எழுதுகிறேன்.

ஒன்று. உன் புருஷன் விலாசத்தை அடித்த விதம் சரி. ஆனால் அனுப்பியவரைக் கேட்காமல் திருத்தக் கூடாது என்பது முதல் பாடம். மறந்துவிட்டான். நூறு முறை எழுதச் சொல்.

இரண்டு. நீ எழுதியதற்காக அழுதுகொண்டிருப்பாய் என்று பெரியவள் சொல்கிறாள். அழாதே. அந்த வரியைக் கேட்டபோது சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு யோசித்தேன். இந்த வீட்டில் ஒரு வருஷத்தில் எனக்குச் சொல்லப்பட்ட முதல் உண்மை அதுதான். ஆனால் நான் வாழ்ந்து முடிக்கவில்லை. தந்திக்காரர் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவதை யாராவது பிடிக்க வேண்டும்.

மூன்று. பெரியவள் கையால் குளிப்பது எனக்கு எப்படி இருந்தது என்று அவளிடம் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லப் போவதில்லை. அங்கே அதற்கு ஓர் ஆண் ஆள் இருக்கிறானாம். அவ்வளவுதான்.

நான்கு. இல்லத்துக்குப் போவது என் விருப்பம். மருமகள் தள்ளிவிட்டாள் என்று சொந்தக்காரர் யாராவது வாயைத் திறந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. அதற்காகத்தான் கையெழுத்துப் போட்டு எழுதுகிறேன்.

உன் மாமா

*

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சௌக்கியம். அங்கே மாமாவும் நீங்களும் இனிமேல் தனித்தனியாகச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்படி எழுத விசித்திரமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இவருக்குக் கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணி இத்தனை நாளா நம்மகிட்டகூட ஏன் சொல்லலை?" என்றார். "நாம கேட்கலை" என்றேன். அப்புறம் குளியலறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன்.

மாமாவின் பென்ஷன் போக மீதி இல்லக் கட்டணத்தில் நாங்கள் தர வேண்டியது பாதி, மறுபாதியை உங்கள் சம்பளத்திலிருந்து போடுவதாகப் போனில் சொன்னீர்கள். வேண்டாம் என்று இவர் ஒரு மணி நேரம் வாதாடினார். "அக்காவோட சண்டை போட நான் தயாரில்லை" என்று நான் கையை விரித்துவிட்டேன். அதனால் உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்று, இரண்டாவது ஷிப்டை இவர் விட்டுவிட்டார். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வருகிறார். வந்து என்ன செய்வது என்று தெரியாமல் என் பின்னாலேயே சுற்றுகிறார். முட்டியைவிட அதுதான் இப்போது தொந்தரவு.

மாமாவின் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்களுக்குக் காட்ட இல்லை, எனக்காக.

அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பு எடுத்து இருவரும் வருகிறோம். மாமாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டால்தான் எனக்கு ஆறும். லேபில் புது நாற்காலியில் உட்கார்ந்தீர்களா? எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

மே 3

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகம். இடுப்புப் பட்டையைக் கழற்றியாகிவிட்டது. நீங்கள் வருகிற தேதி தெரிந்ததும் எழுது, பாய் தலையணை எல்லாம் வெயிலில் போட வேண்டும்.

மாமாவைக் கீழே இறக்கியதைச் சொல்லவில்லையே. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் "மெதுவா, இது கண்ணாடிச் சாமான்" என்று தன்னையே சொல்லிக்கொண்டு வந்தார். தெருவுக்கு வந்ததும் பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. மூச்சை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவரை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது நான் ஆடிப்போனேன், மறைக்க மாட்டேன். கட்டில் காலியாக இருந்தது. நாற்காலியும் அவரோடு போய்விட்டது. இப்படிச் செய்துவிட்டோமே என்று ஒரு மூச்சு அழுதேன். பிறகு பசித்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். யாரும் கூப்பிடவில்லை. பத்து மணி நேரம் தூங்கினேன்.

ஒன்றாம் தேதி லேபில் உட்கார்ந்தேன். முதல் நாள் மெழுகு வழிந்தது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. இப்போது ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குச் செட் போட்டுக்கொண்டிருக்கிறேன். பல் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும், என் பழைய பல் அப்படித்தான் இருந்தது என்கிறார். அவர் சொன்னபடியே செய்கிறேன்.

இல்லத்துக்கு ஞாயிறுதோறும் போகிறேன். இதுவரை போன ஞாயிறெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்த மாதிரி மரியாதையாக இருந்தோம். "சாப்பாடு நல்லா இருக்கா மாமா?" "நல்லா இருக்கும்மா." அவ்வளவுதான்.  நான் நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வருவேன்.

இந்தப் புதன்கிழமை மனசு கேட்காமல் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். முற்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன் மாமா."

"வேலை நாள்ல இங்க என்ன வேலை உனக்கு? சேர்ந்து ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள லீவா? முதலாளியம்மா என்ன நினைப்பாங்க? பொறுப்புன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? கிளம்பு, கிளம்பு!"

அந்த முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தந்திக்காரர், "விடுங்க சார், பாவம்" என்றார். "நீ சும்மா இரு, இவளுக்குச் சொன்னாத்தான் உறைக்கும்" என்று அவருக்கும் சேர்த்து விழுந்தது.

நான் கேட்டைத் தாண்டி வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் தள்ளி நின்றுகொண்டார். சின்னவளே, இந்த வீட்டுக்கு நான் வாழ வந்த நாள் முதல் அந்த மனுஷன் என்னைத் திட்டாத வாரம் கிடையாது. நானும் விட்டுக்கொடுத்ததில்லை. படுக்கையில் விழுந்த பிறகு ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் நன்றிம்மா, சிரமம்மா. நோயில் மனுஷன் சாதுவாகிவிட்டார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவும் உட்காரவும் என் கையை நம்பி இருந்தவர் என்னை எப்படித் திட்டுவார்? பயந்துகொண்டே இருந்திருக்கிறார், பாவம். எனக்கு அது தெரியவே இல்லை.

இனி அந்தப் பயம் இல்லை. நாலு பேர் நடுவில் தொண்டை கிழியக் கத்துகிறார்.

நேராக லேபுக்குப் போனேன். விடுப்பை ரத்து செய்யச் சொல்லிவிட்டு வாத்தியாரின் பல்லை எடுத்து வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போவேன். மறுபடி கத்தினால், இந்தத் தடவை பதிலுக்கு நானும் கத்துவதாக இருக்கிறேன்.

உன் அக்கா